நெற்றியில் தடவும் பெப்பர்மின்ட் எண்ணெய் தலைவலியைப் போக்குமா?

வாசகர் கேள்விகள் – டாக்டர் பதில்கள்

போன இதழில் டென்ஷன் தலைவலி பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: மாத்திரை இல்லாமல் மூலிகை எண்ணெய் தடவியே சமாளிக்க முடியுமா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 38. கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்கக் கணினி முன்னால்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பிடரியில் ஆரம்பித்து நெற்றி வரைக்கும் துணியை இறுக்கிக் கட்டினது போல ஒரு வலி. வாந்தி வராது, வெளிச்சம் கூசாது, எழுந்து நடந்தால் கூடுவதும் இல்லை. மாதத்தில் ஐந்தாறு நாள் இப்படி. பெப்பர்மின்ட் எண்ணெயை நெற்றியிலும் பொட்டிலும் தடவச் சொல்கிறார் என் அத்தை. தடவினால் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தம்பி, "அதெல்லாம் மனசுதான் அக்கா, ஆதாரம் ஒன்றும் கிடையாது" என்கிறான். இரண்டு பேரில் யார் சொல்வது சரி?

பதில்: ஆதாரம் இல்லை என்று உங்கள் தம்பி சொல்வது தவறு. ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு பெரியது, எவ்வளவு உறுதியானது என்று கேட்டால், அங்கே நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில் உங்கள் வலியைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் வலிக்கிறது. விண்விண் என்று தெறிக்காமல் அழுத்துகிறது. நடந்தாலும் படியேறினாலும் கூடுவதில்லை. குமட்டல் இல்லை. சர்வதேச தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் டென்ஷன் தலைவலிக்குச் சொல்லும் அடையாளங்கள் இவைதான். அரை மணி நேரத்திலிருந்து ஏழு நாள் வரைக்கும் இருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. தலையின் தசைகள் சுருங்குவதால்தான் இது வருகிறது என்று நினைத்து முன்பு இதைத் தசைச் சுருக்கத் தலைவலி என்றே அழைத்தார்கள். அளந்து பார்த்தபோது பலருக்குத் தசையில் அப்படிப் பெரிய இறுக்கம் தெரியவில்லை. 1988-ல் வந்த முதல் வகைப்பாட்டில் பெயரையே மாற்றிவிட்டார்கள். தொட்டால் நோகும் இடங்கள் மட்டும் நிறையப் பேருக்கு இருக்கும். இப்போதே உங்கள் கட்டைவிரலைப் பிடரிக்கும் தோளுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். "ஐயோ" என்று வரும் ஓர் இடம் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி எண்ணெய். பெப்பர்மின்ட் என்பது தண்ணீர்ப் புதினாவும் ஸ்பியர்மின்ட் என்னும் புதினாவும் கலந்து பிறந்த ஒரு கலப்புச் செடி. அதன் எண்ணெயில் ஏறத்தாழ 30-லிருந்து 55 சதவீதம் வரை மென்தால் இருக்கும். நெற்றியில் ஜில்லென்று வேலை செய்வது அந்த மென்தால்தான். சமையலுக்குப் பரவலாகப் பயன்படும் ஸ்பியர்மின்ட் புதினாவின் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்கிற வேறு பொருள். அதில் மென்தால் மிகக் குறைவு. ஆகவே அந்த இலையை அரைத்து நெற்றியில் பூசிவிட்டு, "எனக்குப் பலனில்லை" என்று எழுதியிருக்கும் மூன்று வாசகர்களும் பெப்பர்மின்ட்டை இன்னும் முயன்றே பார்க்கவில்லை.

நீங்கள் கேட்ட ஆதாரம் பெரும்பாலும் ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து வந்தது. ஹார்ட்முட் கோபல் என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 1994-ல் ஆரோக்கியமான 32 பேரிடம் முதலில் சோதித்தார்கள். பெப்பர்மின்ட் எண்ணெயை எத்தனால் என்கிற ஆல்கஹாலில் கலந்து தடவியபோது வலியை உணரும் தன்மை குறைந்தது. யூகலிப்டஸ் எண்ணெயையும் சேர்த்துத் தடவியபோது தசை தளர்ந்தது, மனமும் தளர்ந்தது, ஆனால் வலி உணர்வில் பெரிய மாற்றம் இல்லை. பலவற்றைச் சேர்த்தால் பலமும் சேரும் என்று நினைக்கிறவர்கள் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

1996-ல் வெளியானதுதான் முக்கியமான ஆய்வு. டென்ஷன் தலைவலி உள்ள 41 பேர். ஒவ்வொருவருக்கும் நான்கு முறை தலைவலி வரும்வரை காத்திருந்து, மொத்தம் 164 தலைவலிகளைக் கணக்கில் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் தடவ ஒரு திரவம், விழுங்க இரண்டு கேப்ஸ்யூல். திரவம் அசலாகவோ போலியாகவோ இருக்கும், கேப்ஸ்யூலும் அப்படித்தான். நாலு விதச் சேர்க்கையும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை வரும். எது எப்போது வருகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. அசல் திரவத்தில் 10 சதவீதம் பெப்பர்மின்ட் எண்ணெய், மீதி எத்தனால். அசல் கேப்ஸ்யூலில் பாரசிட்டமால், இரண்டும் சேர்த்து 1000 மில்லிகிராம். நெற்றியிலும் பொட்டிலும் தடவிவிட்டு, 15 நிமிடம் கழித்து ஒருமுறை, 30-வது நிமிடத்தில் ஒருமுறை மறுபடியும் தடவச் சொன்னார்கள்.

முடிவு: எண்ணெய் தடவியவர்களுக்குப் போலித் திரவத்தைவிட 15 நிமிடத்திலேயே வலி தெளிவாகக் குறைந்தது, அந்தக் குறைவு ஒரு மணி நேரம் நீடித்தது. பாரசிட்டமாலும் போலியைவிட நன்றாக வேலை செய்தது. எண்ணெய்க்கும் பாரசிட்டமாலுக்கும் நடுவே சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்த அத்தைமார்கள் எல்லோரும் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். உட்காரலாம், தப்பில்லை. ஆனால் "பாரசிட்டமாலுக்குச் சமம்" என்று தலைப்பு போடும்போது மூன்று விஷயங்கள் மறைந்துவிடுகின்றன. அவற்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

ஒன்று, டென்ஷன் தலைவலியில் பாரசிட்டமாலே பெரிய வீரன் இல்லை. 2016-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு எத்தனையோ ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தது. 1000 மில்லிகிராம் பாரசிட்டமால் எடுத்த 100 பேரில் 24 பேருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி முழுவதும் போய்விட்டது. ஒன்றுமில்லாத போலி மாத்திரை எடுத்த 100 பேரில் 19 பேருக்குப் போய்விட்டது. வித்தியாசம் ஐந்து பேர். இந்த வலி சிலருக்கு மருந்தில்லாமலே தணிந்துவிடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். அதற்குச் சமம் என்றால் எதற்குச் சமம் என்று யோசிக்க வேண்டும். அதோடு கீல் ஆய்வில் பார்த்தது ஒரே ஒரு மணி நேரம். மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறுவதற்கே அரை மணி, முக்கால் மணி ஆகும். தடவுவது உடனே உணரப்படும். ஓட்டப் பந்தயத்தில் தடவினவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

இரண்டு, ஆள் எண்ணிக்கை. 41 பேரிடம் வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு, இரண்டும் சமம் என்று நிரூபித்தது வேறு. சின்ன ஆய்வில் சின்ன வித்தியாசங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் தம்பியின் கேள்வி. புதினாவை மறைக்க முடியுமா? போலித் திரவத்திலும் வாசனைக்காகத் துளியளவு பெப்பர்மின்ட் எண்ணெய் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அது நல்ல யோசனை. வாசனையை அப்படி மறைத்துவிடலாம். குளிர்ச்சியை எப்படி மறைப்பது? நெற்றி ஜில்லென்று இருந்தால் "இதுதான் அசல்" என்று மனசு கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த மனசு கொஞ்சம் வலியைக் குறைத்தும் கொடுக்கும். எண்ணெயின் பலனில் எத்தனை பங்கு மென்தாலுடையது, எத்தனை பங்கு எதிர்பார்ப்பினுடையது என்று இந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காக "வெறும் மனசு" என்று தள்ளவும் முடியாது. மென்தால் நம் தோலில் என்ன செய்கிறது என்று இன்று நன்றாகவே தெரியும். நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்று ஒரு கதவு இருக்கிறது. குளிர் பட்டால் திறக்கும். மென்தால் பட்டாலும் அதே கதவு திறக்கும். தோல் குளிரவில்லை, ஆனால் குளிர்ந்துவிட்டது என்று நரம்பு மூளைக்குச் சொல்லும். 2002-ல் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக அந்த இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெற்றியின் உணர்வை எடுத்துச் செல்லும் நரம்பும் தலைவலியைச் சுமக்கும் நரம்பும் ஒரே குடும்பம். அந்தப் பாதையில் குளிர்ச் செய்தி ஓடும்போது வலிச் செய்தி அமுங்குகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். நெற்றியில் அடிபட்டவுடன் ஐஸ் வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே வழி.

ஐரோப்பிய மருந்து முகமையும் லேசான டென்ஷன் தலைவலிக்கு நெற்றியில் தடவும் மருந்தாகப் பெப்பர்மின்ட் எண்ணெயை ஏற்றிருக்கிறது. பரம்பரையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக மட்டும் ஏற்கும் பட்டியல் அங்கே தனியாக உண்டு. தலைவலி விஷயத்தில் இது அந்தப் பட்டியலில் இல்லை, ஆய்வை வைத்து ஏற்கும் பட்டியலில் இருக்கிறது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் இரவுப் பணி முடியும்போது எனக்கும் உங்களுக்கு வருகிற அதே வலி வரும். வார்டில் இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் ஒரு பழுப்புக் குப்பியிலிருந்து இரண்டு விரல் நுனியில் எடுத்து என் நெற்றியில் தடவிவிடுவார். புருவத்துக்கு மேலே ஒரு விரல் இடம் விட்டு, நடுவிலிருந்து பொட்டு வரைக்கும், அழுத்தாமல் ஒரே இழுப்பு. ஆல்கஹால் உலரும்போது ஒரு குளிர்ச்சி வரும், அது சட்டென்று போய்விடும். அரை நிமிடம் கழித்து உள்ளேயிருந்து வருவது போல இரண்டாவதாக ஒன்று வரும், அதுதான் மென்தால். அது வந்த பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்வார். பலன் எண்ணெயாலா, அந்தக் கையாலா, பத்து நிமிட ஓய்வாலா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. இன்று யோசிக்கிறேன், மூன்றுமே என்றுதான் தோன்றுகிறது. இன்றும் என் மேஜை டிராயரில் ஒரு குப்பி இருக்கிறது.

ஆகவே, மாதம் ஐந்தாறு நாள் லேசான வலி என்றால் தாராளமாகத் தடவுங்கள். வலி தொடங்கும்போதே தடவுங்கள், முற்றிய பிறகு அல்ல. ஆய்வில் செய்தது போலக் கால் மணி இடைவெளியில் மூன்று தடவை. ஒரு மணி நேரத்தில் தணியவில்லை என்றால் ஒரு மாத்திரை போடுவதில் தோல்வி ஒன்றுமில்லை. தடவிக்கொண்டே மாத்திரையும் எடுக்கலாம், அதையும் அந்த ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். அப்புறம், நாலு மணிக்கு வலி வருகிறது என்றால் மூன்று மணிக்கே நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் வந்த வலியைத் தணிக்கும், வரப்போகிற வலியை அது தடுக்காது.

கேள்வி: பெப்பர்மின்ட் எண்ணெய் வாங்கி நேராக நெற்றியில் தடவினேன். எரிச்சல் தாங்கவில்லை, தோல் சிவந்துவிட்டது. மூலிகைதானே, இப்படிச் செய்யுமா?

பதில்: செய்யும். நீங்கள் தடவியது 100 சதவீத எண்ணெய், ஆய்வில் தடவியது 10 சதவீதம். பத்து மடங்கு. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு பொட்டிலும் விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து பொருக்கு தட்டியிருந்தது. தடவிய கையாலேயே கண்ணையும் கசக்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கண்ணீர் நிற்கவில்லை. உங்களுக்கு அப்படி ஏதும் நடந்தால் கண்ணைச் சுத்தமான தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள்.

தலைவலிக்கென்றே 10 சதவீதத்தில் தயாரித்த திரவம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பங்கு எண்ணெய்க்கு ஒன்பது பங்கு என்ற கணக்கில் தோலுக்கு ஒத்துப்போகும் வேறொரு மென்மையான எண்ணெயில் நீர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆய்வு செய்தது எத்தனாலில் கலந்ததை என்பது நினைவிருக்கட்டும். எண்ணெயில் கலந்தால் அதே அளவு பலன் வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். எத்தனாலில் கலந்தது தீப்பற்றும். தடவிய கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள். முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். புண், வெட்டுக்காயம், தோல் அழற்சி இருக்கும் இடத்தில் வேண்டாம். தடவி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி: என் ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளி. நெற்றியிலும் மூக்கின் அருகிலும் இதைக் கொஞ்சம் தடவலாமா?

பதில்: கூடவே கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முகத்திலும் மார்பிலும் மென்தால் தடவினால் மூச்சுக்குழல் மேல்பகுதி திடீரென்று இறுகி மூச்சு நிற்கும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் குப்பியை எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரிய பிள்ளைகளுக்கும் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம்.

கேள்வி: சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் எனக்கு உடனே கேட்கும். அதற்கும் இது போல ஆய்வு இருக்கிறதா? இல்லை என்றால் நான் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்தச் சொல்லமாட்டேன். டென்ஷன் தலைவலிக்குச் சுக்குப் பற்றைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்த நல்ல ஆய்வை நான் இதுவரை படித்ததில்லை. ஆய்வு இல்லை என்பதும் பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல.

இஞ்சியை வாய் வழியாகக் கொடுத்துச் செய்த ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை ஒற்றைத் தலைவலிக்கு. 2014-ல் ஈரானில் 100 பேரிடம் இஞ்சிப் பொடியையும் சுமட்ரிப்டான் என்ற மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வலியைக் குறைத்தன. போலி மருந்து எடுத்த மூன்றாவது குழு அதில் இல்லை, அதுதான் குறை. பின்னாளில் பிரேசிலில் 107 பேருக்கு மூன்று மாதம் தினமும் இஞ்சிச் சாறு கேப்ஸ்யூல் கொடுத்து, ஒற்றைத் தலைவலி வருவதையே தடுக்குமா என்று பார்த்தார்கள். போலி மருந்தைவிட மேலாகத் தடுக்கவில்லை. இந்த முடிவுகளைத் தூக்கிக்கொண்டு வந்து டென்ஷன் தலைவலிக்கும் பற்றுக்கும் பொருத்தக் கூடாது. வலியும் வேறு, வழியும் வேறு.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இதில் இருக்கிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற பொருள் ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. பச்சை இஞ்சியைவிடச் சுக்குக்கு அந்தக் காரம் வருவது அதனால்தான். ஷோகால் தட்டுவது நரம்பின் வெப்பக் கதவை, மிளகாயின் காரமும் அதே கதவைத்தான் தட்டும். பெப்பர்மின்ட் குளிர்க் கதவைத் தட்டுகிறது, சுக்கு வெப்பக் கதவைத் தட்டுகிறது. இரண்டும் தோலிலிருந்து புதிதாக ஒரு செய்தியை அனுப்பி வலிச் செய்தியின் குரலை அமுக்கலாம் என்பது பொருத்தமான விளக்கம்தான். ஆனால் விளக்கம் இருப்பது வேறு, சோதித்துப் பார்த்தது வேறு. பற்றை மெல்லியதாகப் போடுங்கள், காந்த ஆரம்பித்ததும் கழுவிவிடுங்கள். காய்ந்து தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டுத் தோல் கருத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடையில் விற்கும் தலைவலித் தைலங்களும் இதேதானே?

பதில்: ஏறக்குறைய. பலவற்றில் மென்தால், கற்பூரம் இரண்டும் இருக்கும். 1996-லேயே ஆஸ்திரேலியாவில் பொது மருத்துவர்களிடம் வந்த 57 நோயாளிகளிடம் டைகர் பாம் தைலத்தைச் சோதித்தார்கள். போலித் தைலத்தைவிட வலியைக் குறைத்தது, பாரசிட்டமாலிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. கீல் ஆய்வில் சொன்ன அதே குறைகள் இதற்கும் உண்டு. கற்பூரம் வாய்க்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரும், அதனால் எடுத்த இடத்தில் மூடி வையுங்கள்.

கேள்வி: புதினா டீ குடித்தால் தலைவலி போகுமா?

பதில்: தலைவலிக்கு அப்படி ஆதாரம் இல்லை. குடிக்கப் பிடித்தால் குடியுங்கள். எண்ணெயை மட்டும் வாயில் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஆங்கில மருந்து என்றால் பக்கவிளைவு, மூலிகை என்றால் பாதுகாப்பு. இதை ஒப்புக்கொள்ள டாக்டர்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஒரு மூலிகையின் கதையைச் சொல்கிறேன். பட்டர்பர் என்று ஒரு செடி. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் என்று நல்ல ஆய்வுகளே வந்தன. 2012-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி தன் வழிகாட்டுதலில் அதற்கு மிக உயர்ந்த மதிப்பைக் கொடுத்தது. அந்தச் செடியில் இயற்கையாகவே ஈரலைக் கெடுக்கும் பொருட்கள் இருக்கின்றன. அவற்றை நீக்கித்தான் மருந்து செய்ய வேண்டும். ஈரல் பாதிப்புப் புகார்கள் வந்ததும் 2015-ல் அகாடமி அந்த வழிகாட்டுதலையே விலக்கிக்கொண்டது. பலன் இருந்தது, ஆனால் பாதுகாப்பு இல்லை.

இன்னொரு பக்கம், வில்லோ மரப்பட்டையிலிருந்து 1828-ல் சாலிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் ஆஸ்பிரின். மூலிகைக்கும் மாத்திரைக்கும் நடுவே நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய மதில் கிடையாது. எதுவாக இருந்தாலும் நான் கேட்பது ஒரே மாதிரியான கேள்விகள்தான்: எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், யாருக்கு என்ன கெடுதல் வந்தது. நெற்றியில் தடவும் பெப்பர்மின்ட் இந்தக் கேள்விகளுக்கு ஓரளவு பதில் சொல்கிறது, அதனால்தான் அதை என் நோயாளிகளுக்கும் சொல்கிறேன்.

கேள்வி: நான் தினமும் மாத்திரை போடுகிறேன். மாதம் 20 நாளாவது வலி. எண்ணெய்க்கு மாறிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: எண்ணெய்க்கு மாறுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். என் நோயாளி ஒருவர், உங்களைப் போலத்தான், கட்டம் போட்ட சின்ன நோட்டில் வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளியும் மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடும் வைத்தார். முதல் மாதம் கொண்டுவந்து காட்டியபோது பேசவே தேவையில்லாமல் இருந்தது. புள்ளி 21, கோடு 19. மாத்திரை போட்ட நாளைவிட மறுநாள் காலையில்தான் அவருக்கு வலி அதிகம்.

மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்க வைக்கும். காஃபீன், கோடீன் சேர்த்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். இது உங்கள் குற்றம் இல்லை. வலிக்கிறவர் மாத்திரை போடாமல் என்ன செய்வார்? ஆனால் இந்த வளையத்தை எண்ணெயால் மட்டும் உடைக்க முடியாது. மருத்துவரிடம் போங்கள். எந்த மாத்திரையை எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுக்கலாம், பிடரிக்குப் பயிற்சி சொல்லித் தரலாம். நிறுத்தும் முதல் ஓரிரு வாரம் வலி கூடும். அந்த நாட்களில் கைக்குத் துணையாக எண்ணெய்க் குப்பி இருக்கட்டும். என் நோயாளி அப்படித்தான் கடந்தார். ஐந்தாவது மாதம் அவர் நோட்டில் புள்ளி ஆறு, கோடு இரண்டு.

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. இதுவரை தலைவலி என்றே சொன்னதில்லை. மூன்று வாரமாக ஒரு பொட்டில் வலி. சீப்பு பட்டால்கூட நோகிறது என்கிறார், மென்று சாப்பிட்டால் தாடை வலிக்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பெப்பர்மின்ட் எண்ணெய் தடவுகிறேன். எத்தனை நாள் தடவ வேண்டும்?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் அதிலிருந்த எண்ணுக்கு அன்றைக்கே பேசிவிட்டேன், இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால். இங்கே எழுதுவது மற்ற வீடுகளுக்காக.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியை டென்ஷன் என்று நாமே முடிவு செய்யக் கூடாது. பொட்டில் தொட்டால் நோவு, மென்றால் தாடை வலி இரண்டும் சேர்ந்தால் பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் ஒரு கண்ணின் பார்வை திடீரென்று போய்விடும், போனது திரும்பாது. ரத்தப் பரிசோதனை செய்து, சந்தேகம் வலுவாக இருந்தால் அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். அதே போல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் இடி போன்ற தலைவலி, காய்ச்சலோடு கழுத்து வளையாமல் போவது, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போவது, தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தத்தோடு வரும் வலி, இவை எதற்கும் எண்ணெய்க் குப்பியைத் திறக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அந்த மகள் மறுநாள் திரும்ப அழைத்தார். அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கிவிட்டார்கள், பார்வைக்கு ஒன்றும் இல்லை.